வரிசையில் நின்ற பக்கங்கள்

பிரிண்டர் வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் ஜெராக்ஸ் கடை. திண்டிவனத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் எதை அச்சடிக்க வேண்டுமானாலும் முதலில் அதை அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். என் ஆதார் அட்டையை அனுப்பினேன். அடித்துக் கொடுத்தார்கள். "இப்ப அதை அழிச்சிடுங்க" என்றேன். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தபடியே "அழிச்சிட்டேன் சார்" என்றாள். அவள் விரல் எதையும் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் வேறொரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். என் ஆதார் இன்னும் அங்கேயே இருந்தது, கீழே நானூறு பேருடைய ஆதாரோடு.

அதனால் வீட்டிலேயே ஒரு பிரிண்டர். வாங்கிய அன்று பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பின் அடியில் இன்னொரு டேப்பின் தடம் இருந்ததைக் கவனித்து நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். வேறு யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததை என் தலையில் கட்டியிருக்கலாம். நான் விடுப்பு போட்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கேபிள் எங்கே என்று கேட்டேன். "இதுக்கு கேபிள் தேவையில்லை சார், வைஃபைலயே போயிடும்" என்றார். எதற்கும் ஒரு கம்பி இருந்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கம்பி இல்லாமல் போவது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அவர் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார். நானே தட்டுகிறேன் என்றேன். பிரிண்டரின் திரை தீப்பெட்டி அளவு. அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். மூன்றாவது எழுத்திலேயே தப்பு செய்தேன். கடைசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அரை நிமிடத்தில் தட்டி முடித்து, சோதனைப் பக்கம் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றியது. கம்ப்யூட்டரிலும் எங்கள் இரண்டு போன்களிலும் புதிய பாஸ்வேர்டைப் போட்டேன். அன்றைய குறிப்பில் "மாலை 5.10, பாஸ்வேர்டு மாற்றம்" என்று இருக்கிறது. பிரிண்டருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அது ஒரு பக்கம் கூட அடிக்கவில்லை. மின்கட்டண ரசீதை நான்கு முறை அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. திருப்பிக் கொடுத்த பொருள்தான் என்பது உறுதியாயிற்று என்று நினைத்தேன். கடைக்குப் போய்ச் சண்டை போட ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறந்திருப்பதில்லை. மற்ற நாட்களில் நான் விழுப்புரத்தில் இருப்பேன். ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எனக்கு வேலை. காலை எட்டே கால் ரயிலில் போய் மாலை ஆறே காலுக்கு வீடு திரும்புகிறவன். என் மனைவி எனக்கு முன்பே ஆறு நாற்பதுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளி கண்டமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பதினொரு வருடமாக இதே வழி. மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எங்கள் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை என்றால் தொட்டது அவள்தான்.

இருபத்திரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் மீன் வாங்கப் போயிருந்தாள். மெக்கானிக்குக்குப் போன் செய்து, பழைய பொருளை விற்றிருக்கிறீர்கள் என்று நேரடியாகவே சொன்னேன்.

"சார், நான் வந்தன்னிக்கு ஓடுச்சில்ல?" என்றார் அவர். "அப்புறம் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"எதையும் மாத்தலை."

"மோடம்?"

"இல்லை."

"பாஸ்வேர்டு?"

போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினேன்.

"எப்ப சார் மாத்துனீங்க?"

"நீங்க போனப்புறம்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "என் மேலயே டவுட்டா சார்? சரி, புதுசை மெஷின்ல போடுங்க. என்கிட்ட சொல்ல வேணாம், நீங்களே போடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்கு எழுத்துகள். இருபது நிமிடம் ஆனது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிறு பெட்டி திறந்து, அனுப்பப்பட்டு அச்சாகாமல் நின்றவற்றின் பட்டியலைக் காட்டியது. கோப்பின் பெயர், எத்தனை பக்கம், எந்த நாள் எத்தனை மணிக்கு அனுப்பியது எல்லாம் வரிசையாக இருந்தது. என் ரசீது நான்கு முறை. அதன் கீழே நான் அனுப்பாத ஒன்று: இரண்டு பக்கம், வியாழக்கிழமை மாலை 5.05. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பிரிண்டருக்கு உயிர் வந்து, நின்றதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்ப ஆரம்பித்தது.

நான்கு ரசீதுகளுக்குப் பிறகு வந்த தாளின் தலைப்பு: "மனமொத்த மாறுதல் கோரும் விண்ணப்பம்."

ஆசிரியர் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஊர்களில் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியர்கள், நீ என் இடத்துக்கு வா, நான் உன் இடத்துக்குப் போகிறேன் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு சேர்ந்து விண்ணப்பிப்பதுதான் மனமொத்த மாறுதல். ஒப்புதல் கிடைத்தால் இருவரும் இடம் மாறுவார்கள். உத்தரவு கைக்கு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அதனால் இதை எல்லோருமே ரகசியமாகத்தான் செய்வார்கள். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் செய்கிறவர்கள் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாளில் பெயர், பள்ளி, ஒன்றியம் எல்லாம் காலியாக இருந்தன. "மாவட்டத்திற்குள் / மாவட்டம் விட்டு மாவட்டம்" என்ற வரியில் எதுவும் கோடிட்டு நீக்கப்படவில்லை. எங்கே போகிறாள் என்று கண்டுபிடிக்க அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

நாட்குறிப்பை எடுத்து அந்த வியாழக்கிழமையைப் பார்த்தேன். "அவள் வந்தது 6.50. விழுப்புரத்தில் பஸ் தாமதம் என்றாள்." நான் வந்து முப்பத்தைந்து நிமிடம் கழித்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோளில் பையோடு உள்ளே வந்தது நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி விடுவது நான்கு பத்துக்கு. அங்கிருந்து ஐந்தே கால் மணிக்கு விழுப்புரம் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். ஆனால் 5.05க்கு அவள் எங்கள் வீட்டில், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்படியென்றால் அன்று மதியம் விடுப்பு. வீட்டுக்கு வந்து, அச்சடிக்கப் பார்த்து, முடியாமல், வெளியே போய், ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப வந்திருக்கிறாள்.

தாள்களை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டேன். அவள் மீன் பையோடு வந்து, "என்னா, ஓடுதா மெஷினு?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிக்கினு இருக்கீங்க? திருப்பிக் குடுத்த மாலுன்னு சண்டை போட முடியலையேன்னா?"

நான் சிரிக்கவில்லை. அவள் வரிசைப் பட்டியலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தான் அனுப்பியது அங்கே நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது என்பதை அப்போது புரிந்துகொண்டேன்.

கேட்டிருக்கலாம். தாளை நீட்டி, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கேட்டால் எதைச் சொல்வாள் என்பது சொல்கிறவள் கையில் இருக்கிறது. அதை நான் நம்ப வேண்டும். முதலில் உண்மையைத் தெரிந்துகொண்டு பிறகு கேட்பதுதான் சரி என்று பட்டது. அவளுடைய அக்கா திருவண்ணாமலையில் இருக்கிறாள். "இங்க வந்துடுடி, நிம்மதியா இருக்கலாம்" என்று அக்கா போனில் சொன்னது ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது. நிம்மதி என்றால் யாரிடமிருந்து? கடந்த சில வாரங்களாக அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். பணிப்பதிவேட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்றதற்கு "ஸ்கூல்ல கேட்டாங்க" என்றாள். எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்தபோது அவள் பெட்டியோடு வாசலில் நிற்பதைப் பார்ப்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை ரயிலில் எனக்குப் பழக்கமான ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்குக் கல்வி அலுவலகத்தில் ஆட்களைத் தெரியும். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து மனமொத்த மாறுதலுக்கு யாராவது கேட்டிருக்கிறார்களா, எந்த ஊருக்கு என்று சும்மா தெரிந்துகொள்ள முடியுமா என்றேன்.

"யாருக்கு சார்? நம்ம வீட்டம்மாவுக்கா?"

"சேச்சே. தெரிஞ்சவங்க."

"விடுங்க சார், ரெண்டு நாள்ல விசாரிச்சிச் சொல்லிடுறேன்" என்றார். அவர் விசாரித்த லட்சணம் எனக்குப் புதன்கிழமை தெரிந்தது.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து, விளக்குப் போடாமல், புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸ்ல யாரைப் போய் விசாரிச்சீங்க?"

"என்ன விசாரிச்சேன்?"

"நடிக்காதீங்க. அந்த டீச்சர் போன் பண்ணிட்டாங்க. 'உங்க வீட்டுக்காரருக்கு இஷ்டம் இல்லையாமே, ஆபீஸ் வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டாராமே, எனக்குப் பிரச்சனை வேணாம் மேடம், நான் விலகிக்கிறேன்'னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தெரியுமா?"

"எந்த டீச்சர்? நீ எங்க போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? யார்கிட்ட சொன்னே?" நாட்குறிப்பிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். "அந்த வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நீ இங்க இருந்திருக்க. எங்கிட்ட பஸ் லேட்டுன்னு சொன்ன."

அவள் தாள்களைப் பார்த்தாள். திறந்திருந்த நாட்குறிப்பையும் பார்த்தாள். "6.50ன்னு எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். முந்தைய நாள் 6.20. அதற்கும் முந்தைய நாள் 6.35. பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் வீட்டுக்கு வந்த நேரம் இருந்தது.

"இது என்ன? நான் வர்ற டைமா?"

"சும்மா ஒரு கணக்குக்கு."

"எத்தனை வருஷமா?"

பதினொரு வருடம் என்பது அவளுக்கே தெரியும்.

"நான் எங்கயும் ஓடிப்போகலைங்க" என்றாள் மெதுவாக. "இங்கதான், திண்டிவனத்துக்குப் பக்கத்துலயே வர்றேன். டவுன் பஸ்ல இருபது நிமிஷம். அந்த டீச்சர் இப்ப அங்கதான் வேலை பார்க்கறாங்க, வீடு விழுப்புரத்துல. அவங்க வீட்டுக்காரருக்குப் பாண்டியில வேலை. அவங்களுக்குக் கண்டமங்கலம் பக்கம் வேணும், எனக்கு இந்தப் பக்கம் வேணும். என் முட்டி ரெண்டும் போயிடுச்சு. பஸ் படி ஏற முடியலை. அது உங்க நோட்டுல இருக்கா?"

இல்லை. அதற்கு ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை.

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேனே. என்ன பண்ணீங்க?"

செய்ததை இங்கே மறைக்க ஒன்றுமில்லை. அப்போது வேறோர் ஆசிரியை இவளோடு இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். நல்ல இடத்தை விட்டுவிட்டு எதற்காக ஒருவர் வருவார், அந்தப் பள்ளியில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் விடுப்பு போட்டு அங்கே போனேன். சத்துணவு சமைக்கிற அம்மாவிடமும் எதிர்க்கடைக்காரரிடமும் அந்த ஆசிரியையைப் பற்றி விசாரித்தேன். யாரோ ஓர் ஆள் வந்து தன்னைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் போனதாக அவர் கேள்விப்பட்டார். மறுநாளே மறுத்துவிட்டார். பள்ளியில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவருக்குத் தாய் வீடு கண்டமங்கலத்தில், அவ்வளவுதான்.

"அதான் இந்தத் தடவை ஆர்டர் கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு அந்த டீச்சரைப் பார்த்துப் பேசிட்டு வந்தேன். ஃபாரம் எடுக்கலாம்னு பார்த்தா உங்க மெஷின் ஓடலை. கடைக்குப் போய் எடுத்துக்கினு வந்தேன். போதுமா? இதையும் எழுதிக்கங்க."

கடையில் எடுத்தாள் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் எடுத்திருப்பாள் என்று ஒரு நொடி யோசித்தேன். நாட்குறிப்பை மூடினேன்.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து இருவரும் விழுப்புரத்திலேயே சந்தித்து அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போனோம். என்னை நேரில் பார்த்தால்தான் நம்புவோம் என்று அவர்கள் சொன்னதாக இவள் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அங்க ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டா பதில் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

கேள்விகள் கேட்டது ஆசிரியையின் கணவர். என் வயதுதான் இருக்கும். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இஷ்டமா இல்லையா?"

"முழு இஷ்டம்."

"அப்புறம் எதுக்கு ஆபீஸ்ல ஆளை வெச்சுக் கேட்டீங்க?"

"எனக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

"உங்க வீட்டம்மா விஷயம் உங்களுக்கே தெரியாதா?" அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இது கொஞ்சம் இடிக்குது."

அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. நானாக இருந்தாலும் அதே இடத்தில்தான் இடித்திருக்கும்.

"அந்த ஸ்கூல்ல என்ன குறை? எதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு வெளியே வர்றீங்க? பஸ் கிடைக்குமா? இவ தனியாப் போய் வரணும். சும்மா நல்லா இருக்கும்னு சொல்லாதீங்க சார், அது எல்லாரும் சொல்றதுதான்."

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளை முந்திக்கொண்டு நான் சொல்லத் தொடங்கினேன். விழுப்புரத்தில் காலை ஏழு ஐம்பது பஸ் திங்கட்கிழமைகளில் கூட்டம், உட்கார இடம் கிடைக்காது. எட்டு ஐந்து பரவாயில்லை. மாலையில் கண்டமங்கலத்தில் நான்கு நாற்பதை விட்டால் அடுத்து ஐந்தேகால்தான். முகூர்த்த நாட்களில் எந்த பஸ்ஸும் நிற்காது, அன்று அரை மணி கூடும். மழைக் காலத்தில் ஷேர் ஆட்டோ ஓடாத நாட்கள் வருடத்துக்கு ஏழெட்டு; அன்று இரண்டு கிலோமீட்டர் நடை. பாண்டியில் பந்த் என்றால் கண்டமங்கலத்தோடு பஸ் திரும்பிவிடும். திண்டிவனத்திலிருந்து வருகிற தூரம் மிச்சம் என்பதால் விழுப்புரத்திலிருந்து போகிறவருக்குப் பாதிச் சிரமம்தான். பாண்டிக்கே குடி போய்விட்டால் எதிர்த்திசை, கூட்டமே இருக்காது.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "இவ்ளோ கரெக்டா எப்படி சார் சொல்றீங்க? நீங்க போறதில்லையே?"

"இவ வர்ற நேரத்தை வெச்சுத்தான்."

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு மனைவியிடம், "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. இந்த ஆளு நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றாரு" என்றார். ஆசிரியை உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார். என் மனைவி முதலில் போட்டாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று திரும்பும்போது நினைத்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: "அத்தனையும் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. ஏழெட்டு நாள் நான் மழையில நடந்தது கூட. ஒரு நாளாவது ஏன் லேட்டுன்னுதானே கேட்டீங்க, எப்படி வந்தேன்னு கேட்டீங்களா?"

டிக்கெட்டை எடுத்து அதில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வந்துவிட்டது.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு உத்தரவு வரும்வரை ஏழு வாரம். அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று அந்த ஏழு வாரமும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் இரண்டு முறை எழுதினேன்.

உத்தரவு வாங்கும் நாளில் நானும் வருகிறேன் என்றேன். "வெளிய நில்லுங்க" என்ற நிபந்தனையோடு கூட்டிப் போனாள். அலுவலக வாசலில் எதிர்த்தரப்புக் கணவரும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அதே நிபந்தனையாம். இருவரும் டீ வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றோம்.

"உள்ள போய் முக்கால் மணி நேரம் ஆச்சு சார்" என்றார் அவர்.

"நாற்பத்திரண்டு நிமிஷம்."

"உங்க வீட்டம்மா கடைசி நிமிஷத்துல மனசு மாறிட மாட்டாங்களே?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

எங்கள் மனைவிகள் இருவரும் சிரித்துப் பேசியபடியே வெளியே வந்தார்கள். எங்கள் இருவர் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. இரண்டு பெண்களுமே உத்தரவுக் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். "பஸ் வருது, ஜல்தி வாங்க" என்றாள் என் மனைவி.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் பை இருந்தது. கவரின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த நாளில் சேர வேண்டும், எதையும் கேட்கவில்லை. எதிர்ப்பு மனு ஏதும் உண்டா, வேறு யாராவது தடை வாங்க முடியுமா, அதையும் கேட்கவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோது அவளாகவே கவரை எடுத்து என் மடியில் போட்டாள்.

"படிங்க. இல்லாட்டி வீடு போற வரைக்கும் மூச்சு விட மாட்டீங்க."

படித்தேன். அவள் பெயர், பள்ளியின் பெயர், திண்டிவனத்தை அடுத்த ஊர், சேர வேண்டிய நாள், கையெழுத்து, முத்திரை. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"பின்பக்கம் பார்த்தீங்களே, அங்க என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லை. வெத்துத் தாள்தான்."

"பார்த்தேன், பார்த்தேன்" என்று சொல்லி அவள் சிரித்தாள். பஸ் மெல்ல நகர்ந்தது. முட்டியை நீட்டி வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்று என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தேன்.